வில்லங்கச் சான்றில் வராத கழுவெளி

மனை வாங்குமுன் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று ஒன்றுவிடாமல் பார்க்கிறோம். தென்சென்னையில் மனை தேடுபவர்கள் இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படத்தையும் பார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பள்ளிக்கரணைக் கழுவெளி, அதாவது சதுப்புநிலம், அந்தத் துறையின் 66 டி/1 என்ற தாளில் வருகிறது. ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய பதிப்பின் நகலை ஒரு மாலை முழுவதும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஏரிகளுக்குக் கரை தெளிவாக வரையப்பட்டிருக்கிறது. சதுப்புக்கோ சிறுசிறு படுக்கைக் கோடுகளும் இடையிடையே புல் கொத்துகளும் மட்டுமே. அவை ஓரத்தில் மெல்ல அருகி, எங்கே முடிகின்றன என்று விரல் வைக்க முடியாமல் மறைகின்றன.

எல்லை திட்டமாக இல்லாத படம் எப்படி ஆதாரமாகும் என்று கேட்பவர்கள் உண்டு. கார்த்திகையில் விரிந்து சித்திரையில் சுருங்கும் கழுவெளிக்கு ஒற்றைக் கோடு போட்டிருந்தால்தான் படம் பொய்யாகியிருக்கும். சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. அந்த நீரின் ஏற்ற இறக்கத்தை நேரில் கண்ட அளவையாளர், கண்டபடியே மங்கலாக வரைந்திருக்கிறார்.

சொல்லப்போனால், இத்துணைக்கண்டத்தை முக்கோணங்களால் அளந்த பெரும்பணியே இந்தப் பகுதியில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே முக்கோணக் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையான ஏழரை மைல் நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கி 57 நாட்களில் முடித்தார். அவ்வளவு நுணுக்கமாக அளக்கப்பட்ட மண்ணில், ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் இருந்ததாகக் கூறப்படும் சதுப்பு கண்ணெதிரே சுருங்கியது. 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 1,247.54 ஹெக்டேர்.

2015 டிசம்பரில் வேளச்சேரியில் சித்தி வீட்டின் தரைத்தளம் மூழ்கியது. பிறகொரு நாள் அந்த நகலைச் சித்தப்பாவிடம் விரித்துக் காட்டினேன். தெருவைத் தேடிய அவர் விரல் புல் கொத்துகளின் மேல் நின்றது. "பத்திரம் பதியும்போது இதை ஏன் யாருமே காட்டவில்லை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். பழைய பதிப்புகள் அனைத்தும் தாலுகா அலுவலகங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு உரிய தாளின் நகல் இணைக்கப்பட வேண்டும். அந்தப் புல எண் சதுப்புக் குறிக்குள் விழுகிறதா இல்லையா என்பதை அனுமதி தரும் அலுவலர் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.