பெற்றோரைப் பங்கு போடாதீர்கள்

"அப்பா பெரியவன் வீட்டுல, அம்மா சின்னவன் வீட்டுல." ஏதோ நியாயமான பாகப்பிரிவினை போல இதைச் சொல்கிறோம். செலவு சமம், சிரமம் சமம். எனக்கு இது கொடுமையாகத்தான் படுகிறது.

பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருபதுகளில் இருக்கும் ஜோடிகள் ஒருபுறம், 69 முதல் 80 வயது வரையிலான ஜோடிகள் மறுபுறம். அன்றாட வேலைகளுக்கு நடுவே கையிலிருக்கும் செல்போன் ஒலிக்கும். இப்போது உங்கள் மனநிலை என்ன, உங்கள் துணையின் மனநிலை என்னவாக இருக்கும் என்று கேட்கும். துணை பக்கத்தில் இருந்தபோது இளையவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். துணை கண்ணெதிரே இல்லாதபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

வயதானால் முகத்தைப் படிக்கும் திறன் குறைகிறது. குறிப்பாகக் கோபமும் சோகமும் சட்டென்று பிடிபடுவதில்லை. ஆனால் ஆளைத் தெரியும். "உங்கப்பா இந்நேரம் பேங்க் க்யூவுல நின்னு எரிச்சலாயிருப்பாரு, மோர் கலக்கி வை" என்பார் அம்மா. அப்பா போன்கூடச் செய்திருக்க மாட்டார். வந்ததும் முதல் வேலையாக அந்தப் பேங்கைத் திட்டுவார்.

சேர்ந்து வாழும் நாட்கள்தான் இந்த அறிவுக்குத் தீனி என்று நம்புகிறேன். ராத்திரி தூங்கினாரா, யார் போன் வந்தது, சட்னியை ஏன் ஒதுக்கினார் என்பதெல்லாம் கூட இருப்பவருக்குத்தான் தெரியும். ஒருவர் சென்னையிலும் மற்றவர் கோவையிலும் இருந்தால், மருமகள் காதில் விழும்படி ஹாலில் உட்கார்ந்து "நல்லாருக்கேன், நீ சாப்டியா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

டாக்டரிடம் போனால் அப்பாக்கள் "ஒண்ணுமில்ல"தான் சொல்வார்கள். "ரெண்டு வாரமா பேப்பரைத் தொடவே இல்ல டாக்டர்" என்று சொல்ல அம்மா அங்கே இருக்க வேண்டும். மகனுக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

"எப்பப் பாரு சண்டை, பிரிஞ்சிருந்தா நிம்மதி" என்பவர்களும் உண்டு. சண்டை போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிரிந்திருக்கச் சம்மதிப்பார்களா என்று. அடி வாங்கியே வாழ்ந்த அம்மாக்கள் தனியாக இருக்க விரும்பினால் அது வேறு. அவர்கள் விருப்பம்தான் முக்கியம்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று பட்டியல் போடுகிறது. கூட இருக்கும் துணை அதில் இல்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும். ஆறு மாதம் அண்ணன் வீடு, ஆறு மாதம் தம்பி வீடு என்றால் இருவரையும் சேர்த்தே அனுப்புங்கள். இடம் போதவில்லையா? அவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்கட்டும், அண்ணன் தம்பிகள் பணம் போட்டு உதவிக்கு ஆள் வையுங்கள்.