காரணம் வேறு, கட்டாயம் வேறு

மனிதனுக்குச் சுயவிருப்பம், அதாவது தானாக முடிவெடுக்கும் திறன், இல்லவே இல்லை என்று ஒருவர் பேசிய ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ஜார்ஜ்டவுன் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "அந்த அம்மா ஆன்மாவுக்கு வக்காலத்து வாங்கினார்" என்று வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆன்மா என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. இயற்கைக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று நம்புகிறவளும் அல்ல. மூளைக்குள் தனியாக ஓர் ஆள் உட்கார்ந்து கட்டளையிடவில்லை என்பதில் பேச்சாளருக்கும் எனக்கும் சண்டையே கிடையாது. நான் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரு செயலுக்குக் காரணம் இருப்பது வேறு, கட்டாயம் இருப்பது வேறு. சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்கள்.

பேச்சாளர் மலைபோல் நம்பியது 1983இல் வெளிவந்த, நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் ஆய்வை. கை அசைவதற்கு ஏறத்தாழ அரை நொடி முன்பே மூளையில் ஆயத்த அலை என்னும் மின் அலை எழுகிறது. அசைக்க வேண்டும் என்ற எண்ணமோ 0.2 நொடி முன்புதான் தெரிகிறது. ஆகவே சுயவிருப்பம் பொய், கதை முடிந்தது என்றார். கடைசிக் கணத்தில் "வேண்டாம்" என்று தடுக்கும் திறன் நமக்கு உண்டு என்று அதே லிபெட் வாதிட்டதை ஏன் சொல்லவில்லை? அந்த அலை முடிவெடுத்ததன் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று 2012இல் ஆரன் ஷூர்கர் குழு காட்டியதை? எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பதைப் பல நொடிகளுக்கு முன்பே கணித்துவிட்டார்கள் என்று பேச்சாளர் முழங்கிய 2008 ஆய்வில், கணிப்பு ஏறக்குறைய 60 சதவீதம்தான் பலித்தது. இரண்டு பொத்தான்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் பலிக்கும்.

"உலகத் தத்துவ அறிஞர்கள் இந்த வழக்கை எப்போதோ முடித்துவிட்டார்கள்" என்றும் சொன்னார். தத்துவ அறிஞர்களிடம் 2020ஆம் ஆண்டு பில்பேப்பர்ஸ் தளம் நடத்திய கருத்தாய்வில், எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தாலும் சுயவிருப்பமும் இருக்க முடியும் என்ற பக்கம் சாய்ந்தவர்கள் சுமார் 59 சதவீதம். சுயவிருப்பமே இல்லை என்ற பக்கம் சுமார் 11 சதவீதம். பெரும்பான்மை சொன்னால் உண்மையாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஆனால் அறிஞர்களைச் சாட்சிக்கு இழுத்தது நானல்ல.

நான் இழுத்தது என் தாய்மாமாவை. பினாங்கின் பிறை நகரில் தொழிற்சாலை வேலை. நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம். அத்தையின் தாலி அடகுக்கடைக்குப் போன பிறகு ஒருநாள், ஏடிஎம் அட்டையை அத்தையிடம் கொடுத்து, ரகசிய எண்ணை மாற்றிவிடு, எனக்குச் சொல்லாதே என்றார். நம்பர் கடை இருக்கும் சாலையை விட்டுவிட்டு, சந்தைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க் காசு கூடுதலாக ஆகும். கனவு கண்டால் வீட்டில் யாரிடமும் வாய் திறக்க மாட்டார், யாராவது அதைப் பந்தயம் கட்டும் எண்ணாக்கிவிடுவார்கள் என்று. தன் ஆசைக்குக் காரணம் என்ன, அது எந்தச் சாலையில் காத்திருக்கிறது என்று தெரிந்து அதை மடக்கியவர் அவர். அந்த முடிவுக்கும் காரணம் இருந்தது, தாலி. அதனால் அது அவருடைய முடிவு இல்லையென்று ஆகிவிடுமா?

"உங்கள் மாமாவுக்கு அப்படிப்பட்ட மூளை வாய்த்தது, அதிர்ஷ்டம்" என்றார் பேச்சாளர். நம்பர் கடையில் ஒருநாளும் வராத அதிர்ஷ்டம்! அவர் பட்ட பாட்டை ஒரே சொல்லில் துடைத்துவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

அட்டையைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையையே மாமா தேர்ந்தெடுத்தாரா என்று குழுவில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டே பின்னால் போங்கள் தம்பி, பெருவெடிப்பு வரைக்கும் போகலாம். அங்கே என் மாமா கிடைக்க மாட்டார்.

இன்னொருவரின் பயம் நியாயமானது. சுயவிருப்பம் என்று பேசினால், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் முன்னேறாததற்கு அவர்களையே பழிப்பதில் போய் முடியும் என்கிறார். அப்படிப் பழிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 2023இல் நம் மலேசியாவில் கட்டாய மரண தண்டனையை நீக்கி, தண்டனையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நீதிபதியிடம் கொடுத்தார்களே, எதற்கு? ஒருவன் எந்த நெருக்கடியில், யாருடைய மிரட்டலில் அதைச் செய்தான் என்று எடைபோடத்தானே? எல்லாரும் ஒரே அளவுக்குக் கட்டுண்டவர்கள் என்றால் மிரட்டியவனுக்கும் மிரட்டப்பட்டவனுக்கும் வேறுபாடே இல்லை. மறுபடியும் சொல்கிறேன்: காரணம் இருவருக்கும் உண்டு, கட்டாயம் ஒருவனுக்கு மட்டும்தான்.

நன்மை தீமை எல்லாம் வெறும் உணர்ச்சி என்ற பேச்சாளர், திரையில் படம் காட்டும் கருவிக்கு இணைப்புக் கம்பி கொண்டுவர மறந்த பையனை எல்லார் முன்னாலும் "பொறுப்பில்லையா உனக்கு?" என்று கடிந்துகொண்டார். பாவம், அந்தப் பையனின் மூளை மட்டும் விதிவிலக்கு போலும்.

எல்லாம் நியதி (விதி) என்ற ஆசீவக சமயத்தாரை மணிமேகலையிலேயே பார்க்கலாம். நீலகேசியில் அவர்களோடு வாதுக்கு நிற்பவள் ஒரு பெண். அவளை முழுதாகப் பேச விட்டார்கள். எனக்கு மட்டும் "நேரமில்லை, உட்காருங்கள் அம்மா." எனக்கு அடுத்து எழுந்தவர் கேள்வியே கேட்கவில்லை, தம் கவிதையை முழுதாக வாசித்தார். அவருக்கு நேரம் இருந்தது.

தனிச்செய்தியில் சமாதானம் சொல்ல வராதீர்கள். மறுப்பு இருந்தால் இங்கேயே, சொந்தப் பெயரில் எழுதுங்கள்.