ஒரே ஜன்னலாம், உள்ளே ஒன்பது பிரௌசராம்

"உங்கள் எல்லா சாட்டும் ஒரே இடத்தில்" என்று விளம்பரம் போடுகிற ஆப்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. இன்ஸ்டால் செய்து திறந்தால் இடது ஓரத்தில் ஐகான் வரிசை. எதைத் தட்டினாலும் அந்தந்த சேவையின் வெப் பக்கம் திறக்கிறது, அவ்வளவுதான். ஃபிரான்ஸ், ராம்பாக்ஸ், ஃபெர்டியம் எல்லாம் அடிப்படையில் இதே ரகம். எலக்ட்ரான் என்ற ஆப் கட்டும் கருவியின் உறைக்குள் குரோமியம் பிரௌசரைத் திணித்து, சேவைக்கு ஒரு டேப் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. இதைத்தான் ஏற்கெனவே இருக்கிற பிரௌசரில் டேபைப் பின் செய்து எல்லாரும் செய்துகொண்டிருக்கிறோமே!

எல்லாம் ஒரே இடத்தில் என்றால் தேடலாவது ஒன்றாக இருக்க வேண்டாமா? யாரோ அனுப்பிய ஒரு முகவரி வாட்ஸ்அப்பில் வந்ததா டெலிகிராமில் வந்ததா என்று மறந்துபோனால், ஒவ்வொரு டேபாகப் போய்த் தேட வேண்டும். ஒரே ஆள் நான்கு சேவையில் இருந்தால் நான்கு ஆள். ரேம் கதையோ தனி. டேப் ஒவ்வொன்றும் சில நூறு எம்பி விழுங்கும். தாங்காமல், பயன்படுத்தாத டேபைத் தூங்கவைக்கும் ஹைபர்னேட்டை ஆன் செய்தால் ரேம் இறங்கும், ஆனால் தூங்குகிற டேபுக்கு நோட்டிஃபிகேஷன் வராது. அவசரச் செய்தி வந்து மணிக்கணக்கில் கிடக்கும். மெசேஜ் வந்ததைச் சொல்லாத மெசேஞ்சர் எதற்கு?

இதெல்லாம் முடியாத காரியம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். முன்பே முடிந்ததுதானே! பிட்ஜின் என்ற பழைய சாட் ஆப்பில் ஏஐஎம், யாஹூ, எம்எஸ்என், ஐசிக்யூ என்று அந்தக் கால சாட் சேவைகளின் எல்லா கணக்கையும் போட்டால் ஒரே பட்டியல். ஒருவரின் ஒரு ஐடியை இன்னொன்றின் மேல் இழுத்துப் போட்டால் இரண்டும் ஒரே ஆளாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே சாட் ஜன்னல். அதிலும் குறை உண்டு. பாஸ்வேர்டை accounts ஃபைலில் பூட்டே போடாமல் அப்படியே எழுதி வைத்து, அதற்கு நியாயமும் பேசினார்கள். ஆனாலும் அது வெப் பக்கத்தைக் காட்டி ஏமாற்றவில்லை, சேவையின் புரோட்டோகாலையே, அதாவது அதன் சர்வர் பேசுகிற மொழியையே, பேசியது.

அது ஏன் செத்தது? கதவைச் சாத்தினார்கள், அதனால் செத்தது. 1999லேயே எம்எஸ்என் மெசேஞ்சர் ஏஐஎம் ஆட்களோடு பேச முயன்றது. ஏஐஎம்மை நடத்திய ஏஓஎல் தடுத்தது, எம்எஸ்என்னை நடத்திய மைக்ரோசாஃப்ட் வழி மாற்றியது, மறுபடி தடுத்தது. கூகுள் டாக் 2005ல் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த புரோட்டோகாலில் வந்தது, அடுத்த ஆண்டே வெளி சர்வர்களோடும் பேசியது. 2013ல் கூகுளின் புது ஆப்பான ஹேங்அவுட்ஸ் வந்ததும் அதை ஓரம் கட்டினார்கள். ஃபேஸ்புக் சாட்டுக்கும் எக்ஸ்எம்பிபி வாசல் 2010 முதல் இருந்தது, 2015ல் அதையும் மூடினார்கள். இதையெல்லாம் தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை. 2023 டிசம்பரில் பீப்பர் மினி என்ற ஆப், ஆப்பிளின் சாட் சேவையான ஐமெசேஜை ஆண்ட்ராய்டில் கொண்டுவந்தபோது சில நாட்களிலேயே ஆப்பிள் குறுக்கே விழுந்தது.

சரி, ஒரு சேவையின் செய்தியை இன்னொன்றுக்குக் கடத்துகிற பிரிட்ஜ் வழிக்குப் போகலாம். மேட்ரிக்ஸ் என்ற திறந்த சாட் நெட்வொர்க்குக்கு ஒரு சர்வர் வைத்து, அதில் mautrix என்ற பிரிட்ஜை ஓடவிட்டு, போனில் கியூஆர் ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் செய்திகள் உண்மையிலேயே ஒரே பட்டியலில் வந்து விழும். இதுதான் அசல் தீர்வுக்கு மிக அருகில் இருப்பது. ஆனால் பிரிட்ஜ் என்பது வாட்ஸ்அப் கண்ணுக்கு ஒரு லிங்க்டு டிவைஸ். மொத்தம் 4 தான் அனுமதி, அதில் ஒன்று போச்சு. முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் லிங்க் அறுந்து, மறுபடி ஸ்கேன். வாய்ஸ் கால், வீடியோ கால் வராது, போனைத்தான் எடுக்க வேண்டும். டெலிகிராமின் சீக்ரெட் சாட் அது தொடங்கிய கருவியிலேயே கட்டுண்டது, பிரிட்ஜை எதிர்பார்க்கவே வேண்டாம். பாதுகாப்பு இன்னும் மோசம். செய்தி பிரிட்ஜ் ஓடுகிற கம்ப்யூட்டரில் திறக்கப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டு வருகிறது. அந்த கம்ப்யூட்டர் அடுத்தவருடையது என்றால் சாவியும் அவரிடம்தான். அங்கீகரிக்காத ஆப் என்று கணக்கையே முடக்குகிற ஆபத்து தனி.

ஐரோப்பாவில் சட்டம் போட்டு வாட்ஸ்அப்பை மற்ற ஆப்களுக்குத் திறக்க வைத்திருக்கிறார்கள், வெளியே இருப்பவர்களுக்கு அது பேப்பர் செய்திதான். அங்கும் ஐமெசேஜை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் டேப் ஆப்தான் வேண்டும் என்றால், தினமும் திறக்கிற இரண்டு மூன்று சேவையை மட்டும் போடுங்கள், அவற்றுக்கு ஹைபர்னேட்டை அணைத்துவிடுங்கள். அதே சேவைக்கு பிரௌசரில் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே செய்திக்கு இரண்டு முறை மணி அடிக்கும். வெறுத்துப்போய் ஆப்பை அழிக்கிற நாளில் அழித்ததோடு நிறுத்தாதீர்கள். லாகின் அப்படியே உயிரோடு கிடக்கும். போனில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரைத் தட்டி லாக் அவுட் கொடுத்தால்தான் போகும். ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக. ஆமாம், அதற்கும் ஒரே இடம் கிடையாது.