பிரிட்டன் வேலை விசா: 38,700 பவுண்டு போதுமா?

“வருடம் 38,700 பவுண்டு சம்பளம் இருந்தால் பிரிட்டன் ஸ்கில்டு வொர்க்கர் விசா உறுதி, குறைந்தால் வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம் சேர்த்துக் காட்டிவிடலாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

38,700 என்பது 2024 ஏப்ரலில் வந்த வரம்பு. 2025 ஜூலை 22 முதல் பொது வரம்பு 41,700 பவுண்டு. அதுவும் எல்லோருக்கும் போதாது. ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு சம்பள விகிதம் உண்டு. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் கொடுக்க வேண்டும். சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு அந்த விகிதம் 54,700. 26 வயதுக்கு உட்பட்டோர், அங்கேயே படித்து முடித்தோர் போன்ற சிலருக்கு மட்டும் சலுகை உண்டு.

படிக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 37,000, வாடகைப் படி 3,000, ஓவர்டைம் 2,000 என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால் கூட்டுத்தொகை 42,000 வரும். விசா அதிகாரி எடுத்துக்கொள்வது 37,000 மட்டுமே. மேலே சொன்ன சலுகை இல்லாதவர் என்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான (விசாவுக்காக வேலை தரும் நிறுவனம் வழங்கும் ஆவணம்) கட்டணத்தையும் நிறுவனம்தான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. ஏஜென்ட் அதைக் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.