நாலாறும் ஆறுநாலும்

விடை சரியாக இருந்தும் கணக்கு தவறாகப் போகும் என்பதை இத்தனை வயதுக்குப் பிறகு, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு கூடையில் 4 ரம்புத்தான் பழங்கள், மொத்தம் 6 கூடைகள், பழங்கள் எத்தனை என்பது கேள்வி. மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் 6 × 4 = 24 என்று எழுதியிருக்கிறாள். ஆறைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், நான்கைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், இரண்டையும் இடம் மாற்றச் சொல்லி வளைந்த ஓர் அம்புக்குறி, 24க்குப் பக்கத்தில் ஒரு சரி, அந்தச் சரியின் மேலேயே ஒரு குறுக்குக்கோடு. மூன்று மதிப்பெண்ணுக்கு ஒன்று. அந்தச் சரியைப் போட்ட கை அரை விநாடியாவது உண்மையைப் பார்த்திருக்கிறது. விடைப்பட்டியல் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

டீச்சரிடம் வாட்ஸ்அப் புலனத்தில் பணிவாகத்தான் கேட்டேன். நான்கு நிமிடக் குரல் பதிவு வந்தது. "ஐயா, 4 × 6 என்றால் நான்கு பழம் ஆறு தடவை. 6 × 4 என்றால் ஆறு பழம் நான்கு தடவை. கூடையில் ஆறு பழமா இருக்கிறது?" இல்லை டீச்சர், ஆனால் கூடை ஆறு இருக்கிறதே, ஆறு முறை நான்கு என்று அவள் படித்திருக்கலாமே என்றேன். "அப்படிப் படிக்கக் கூடாது ஐயா, பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்." குழம்பாத பிள்ளை அதே தாளின் ஓரத்தில் பென்சிலால் ஆறு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு புள்ளிகள் வைத்திருந்தது. அந்த இருபத்து நான்கு புள்ளிகளின் பக்கம் சிவப்பு மை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தச் சண்டை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் பல்லாண்டுகளாக இதே வழக்கு நடக்கிறது. அங்கே ஒரு கூடைக்கு எத்தனை என்பது முதலில் வர வேண்டும், ஆகவே என் மகள் தவறு. அமெரிக்காவில் 2015இல் 5 × 3 என்பதை 5+5+5 என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்தார்கள். 3+3+3+3+3 என்று எழுதியிருக்க வேண்டுமாம். அந்தக் கணக்குப்படி என் மகள் சரி. பசிபிக் கடலைத் தாண்டினால் மாறிப்போகும் ஒரு வழக்கத்துக்குக் "கருத்து" என்று பெயர் சூட்டி, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் இரண்டு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறோம்.

மனப்பாடம் ஒழிய வேண்டும், புரிந்து படிக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். என் அப்பா காலத்தில் வாய்பாட்டை ஒப்பித்தார்கள். இன்று புரிந்துகொண்டதற்கான சொற்களை, அவர்கள் சொன்ன வரிசையிலேயே ஒப்பிக்க வேண்டும். நாலாறு இருபத்து நாலு என்று அப்பா சொன்னபோது, ஆறுநாலு என்றால் அடி விழும் என்று யாரும் அவரை மிரட்டவில்லை.

நாமும் சளைத்தவர்களா? கணக்கை எந்த மொழியில் நடத்துவது என்பதிலேயே ஒரு தலைமுறையை ஓட்டிவிட்டோம். 2003இல் ஆங்கிலம் என்றார்கள், 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2016இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் சில பள்ளிகளுக்குள் மறுபடி கொண்டுவந்தார்கள். இதற்கிடையில் டிம்ஸ் என்னும் அனைத்துலகக் கணித ஆய்வில் நம் இரண்டாம் படிவ மாணவர்களின் சராசரி 1999இல் 519ஆக இருந்து 2023இல் 411க்கு இறங்கியிருக்கிறது. இந்த இரண்டு எண்களில் எதை முதலில் எழுதிக் கழிக்க வேண்டும் என்பதையாவது நான் யாரையும் கேட்காமல் கண்டுபிடித்துவிட்டேன்.

இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டப் போனபோது, மகள் வாசலில் குந்தியிருந்து செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, அஞ்சு ஜோடி இருக்கு. டீச்சர் கேட்டா ரெண்டை முதல்ல எழுதணுமா, அஞ்சை முதல்ல எழுதணுமா?" என்றாள். பத்து என்று வாயெடுத்தவன், டீச்சரின் குரல் பதிவு நினைவுக்கு வந்து, ஒரு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சிறிது நேரம் உண்மையாகவே யோசித்தேன். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடுக்கியதும் கலைந்துபோயிற்று.