அடிக்கடி கழட்டினா சேஃப்னு இல்லங்க
மேல ஒருத்தர் போர் விமானத்த அடிக்கடி முழுசா கழட்டி மாட்டினா கோளாறே வராதுன்னு போட்டிருக்காரு, அது தப்புங்க. ரெண்டாம் உலகப்போர்ல கடல் பகுதிய காவல் காத்த பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவான கோஸ்டல் கமாண்டோட விமானங்கள வச்சு வாடிங்டன்னு ஒரு உயிரியல் விஞ்ஞானி கணக்கு பாத்தாரு, ஒவ்வொரு 50 மணி நேரம் பறந்ததும் பண்ற இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச உடனேதான் ரிப்பேர் ஜாஸ்தியா வந்துச்சு, பறக்க பறக்க கொறைஞ்சுது, அதாவது நல்லா ஓடிட்டிருந்தத கலைச்சதுதான் பிரச்சன. நம்ம கடலூர் முதுநகர் ஹார்பர்ல போட் இன்ஜின் பாக்குற மெக்கானிக்க கேளுங்க, தேவையில்லாம கை வைக்க விடமாட்டாரு. 1978ல அமெரிக்க பாதுகாப்புத் துறைக்காக யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனிய சேர்ந்த நவ்லனும் ஹீப்பும் எழுதுன ரிப்போர்ட்ல, ஆராய்ஞ்ச விமான பாகங்கள்ல 89 சதவீதத்துக்கு இத்தன மணி நேரம் ஓடினா மாத்தணும்னு கெடு வைக்கிறதுல பலன் இல்லன்னே இருக்கு. அதுக்காக செக்கிங்கே வேணாம்னு யாரும் எடுத்துக்காதீங்க, விரிசல், துரு, ஆயில்ல உலோகத் தூள் இதெல்லாம் பாத்தே ஆகணும், உயிர் விஷயம், ஆனா கழட்டாம பாக்க முடியிறத கழட்டாமலே பாக்கணும்.