சேப்பாக்கத்தில் ஒரு கடைசி ஆட்டம்கூடவா இல்லை?

2025 நவம்பர் 15, சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். செய்தி எல்லோருக்கும் தெரியும். நம் சென்னை சூப்பர் கிங்ஸின் (சிஎஸ்கே) ஆல்ரவுண்டர் ஜடேஜா ஐபிஎல்லில் 14 கோடிக்கு ராஜஸ்தான் அணிக்குப் போகிறார், கூடவே 2.40 கோடிக்கு சாம் கரனும் போகிறார், பதிலுக்கு 18 கோடிக்கு அவர்களுடைய கீப்பர் சஞ்சு சாம்சன் நம்மிடம் வருகிறார். எழுத வைத்தது அந்தச் செய்தியும் அல்ல. அன்று மாலை நான் போட்ட இரண்டு வரிப் பதிவின் கீழே, பல ஆண்டுகளாக என்னோடு ஒரே கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் நண்பர் ஒருவர், “நல்ல விலைக்குத் தள்ளிவிட்டோம், இதற்கு எதற்கு ஒப்பாரி?” என்று எழுதியிருந்தார். அதற்கு நாற்பது பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். தள்ளிவிட்டோமாம். எஃப்.சி. முடிந்த பைக்கைக் கைமாற்றிவிட்டு வந்தவர் பேசுவதைப் போல இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாம்சன் வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. தோனிக்கு 44 வயது. அவருக்குப் பிறகு யார் கீப்பிங் செய்வது, நடுவரிசையை யார் தாங்குவது என்ற கேள்விக்கு எந்த அணியும் பதில் தேடித்தான் ஆக வேண்டும். 31 வயதில், ஓர் அணியைப் பல ஆண்டுகள் நடத்திய அனுபவத்தோடு, பக்கத்து மாநிலத்திலிருந்து ஒருவர் கிடைக்கிறார் என்றால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மூன்று கோப்பைகளில் பங்கு பெற்றவர், ஐபிஎல்லில் சிஎஸ்கே வரலாற்றிலேயே அதிக விக்கெட் எடுத்தவர், அவருக்குச் சேப்பாக்கத்தில் “இது என் கடைசி ஆட்டம்” என்று தெரிந்து ஆட ஒரு மாலைகூடக் கிடைக்கவில்லையே, அது ஏன் யாருக்கும் உறுத்தவில்லை?

யோசித்துப் பாருங்கள். மஞ்சள் உடையில் அவர் சேப்பாக்கத்தில் கடைசியாக ஆடியது எது? ஏப்ரல் 30, பஞ்சாபுக்கு எதிராக. சாஹல் ஹாட்ரிக் எடுத்தாரே, அந்த ஆட்டம். தோற்றோம். பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுக்க வேண்டும் என்று பாதிப் பேர் முன்கூட்டியே எழுந்து போனோம். நானும் போனேன். அது ஜடேஜாவின் கடைசிச் சேப்பாக்கம் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் தோனி தன்னுடைய கடைசி ஆட்டம் சென்னையில்தான் இருக்கும் என்று 2021-இலேயே மேடையில் சொல்லிவிட்டார், நாமும் ஆண்டுதோறும் “இதுதானோ, இதுதானோ” என்று கண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கி வருகிறோம். ஒருவருக்கு நான்கு ஆண்டுகளாக நீளும் வழியனுப்பு விழா, இன்னொருவருக்குச் சனிக்கிழமை காலை ஓர் அறிக்கை.

உடனே “நீ தோனி எதிர்ப்பாளர்” என்று வருவீர்கள், தெரியும். ஐயா, 2008-இலிருந்து பார்க்கிறேன். 2011 உலகக் கோப்பை இரவில் தெருவில் ஆடியவன். நான் தோனியின் எதிரி அல்ல. ஆனால் ஒன்றை மட்டும் யாராவது எனக்குப் பொறுமையாக விளக்குங்கள். தோனிக்கு மாற்றாக ஒரு கீப்பர் வேண்டும் என்கிறீர்கள், சரி. அதற்காக 36 வயது ஆல்ரவுண்டரை அனுப்புகிறீர்கள், அதுவும் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் யாருக்கு மாற்று தேடினோமோ அந்த 44 வயது கீப்பர் அடுத்த ஆண்டும் ஆடப் போகிறாரே, இது என்ன கணக்கு? வீட்டில் ஃபிரிட்ஜ் பழையதாகிவிட்டது என்று புது ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டு, இடம் போதவில்லை என்று கிரைண்டரைத் தூக்கி வெளியே வைத்ததைப் போல இருக்கிறது. பழைய ஃபிரிட்ஜ் அப்படியே இருக்கிறது, அதற்கு மாலை வேறு.

“வயதாகிவிட்டது, ஃபார்ம் போய்விட்டது” என்று இன்னொரு குரல். டிசம்பரில் அவருக்கு 37 ஆகிறது, மறுக்கவில்லை. போன சீசனில் பத்து விக்கெட் என்பது ஜடேஜாவுக்குக் குறைவுதான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அணி வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போன அந்த ஆண்டில், 14 ஆட்டங்களில் நான்கே வென்ற அந்த ஆண்டில், அவர் 301 ரன் எடுத்திருக்கிறார். பெங்களூரில் ஆயுஷ் மாத்ரே 94 அடித்த அன்று மறுமுனையில் 45 பந்தில் 77 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றவர் யார்? இரண்டு ரன்னில் தோற்றோம். மறுநாள் மாத்ரேயைப் பற்றிப் பேசினோம், கடைசி ஓவரில் தோனி அவுட் ஆனதைப் பற்றிப் பேசினோம், 77 எடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் வழக்கமாகவே அப்படித்தான் இருப்பார், வீட்டில் குடிநீர் பிடித்து வைப்பவரைப் போல. தண்ணீர் இல்லாத அன்றுதான் அவர் பெயர் நினைவுக்கு வரும்.

கிரிக்கெட் நியாயம் மட்டுமே பேசலாம் என்பவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அஸ்வின் ஆகஸ்ட்டிலேயே ஐபிஎல்லுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். இப்போது ஜடேஜாவும் இல்லை. தக்கவைத்த பட்டியலில் சுழலுக்கு யார் இருக்கிறார்கள்? நூர் அகமது இருக்கிறார், 24 விக்கெட் எடுத்தவர், தங்கமான பையன். அவருக்குப் பின்னால் ஷ்ரேயஸ் கோபால். போன சீசனில் சேப்பாக்கத்தில் ஆறு ஆட்டங்களில் ஐந்து தோற்றோம், 2008-க்குப் பிறகு முதன்முறையாகப் பெங்களூரு நம்மை இங்கேயே வந்து அடித்துவிட்டுப் போனது. சொந்த மண்ணிலேயே சுழலை நம்ப முடியாமல் தவித்த அணி, இருந்த இடக்கைச் சுழலரையும் கொடுத்துவிட்டது. கையில் 43.40 கோடி இருக்கிறது, அபுதாபி ஏலத்தில் வாங்கிக்கொள்வோம் என்கிறார்கள். வாங்குங்கள். நான்கு ஓவர் போட்டு, ஐந்தாம் இடத்திலோ ஏழாம் இடத்திலோ இறங்கி, பாயிண்டில் நின்று இருபது ரன் தடுக்கும் ஒருவர் எந்தக் கடையில் கிடைப்பார் என்று எனக்கும் சொல்லுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவும் அல்ல. நிர்வாகத்தைத் திட்டுவது எளிது. எனக்கு நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 ஏப்ரல் 8, கொல்கத்தா ஆட்டம். அக்கா மகனை அழைத்துப் போயிருந்தேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. எட்டாம் எண் போட்ட ஜெர்சி, முதுகில் ஜடேஜா. கடைக்காரர் “தம்பி, தோனியோட ஏழு இருக்கே” என்று இரண்டு முறை கேட்டும் எட்டுதான் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கியது. அன்று ஜடேஜா 18 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார், ஐபிஎல்லில் தன் நூறாவது கேட்சையும் பிடித்தார். அவர்களை 137-இல் நிறுத்தினோம். நாம் விரட்டும்போது வெற்றிக்கு மூன்றே ரன் இருக்கையில் துபே ஆட்டமிழந்தார். அடுத்து தோனிதான் என்று கேலரி முழுக்க எழுந்து நின்றது. படியில் இறங்கி வந்தது ஜடேஜா. “ஐயோ” என்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் “போடா உள்ளே” என்று கத்தினார். நாலடி வந்த ஜடேஜா சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார், பின்னால் தோனி வந்தார், சத்தம் தாங்காமல் கொல்கத்தாவின் ரசல் காதைப் பொத்திக்கொண்டார், மீதி உங்களுக்குத் தெரியும். விளையாட்டாகச் செய்ததுதான். எல்லோரும் சிரித்தோம். அக்கா மகன் மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா, மேன் ஆஃப் தி மேட்ச் அவர்தானே, ஏன் அவரைப் போகச் சொல்றாங்க?” என்று கேட்டான். சத்தத்தில் காதில் விழாததைப் போல இருந்துவிட்டேன். ஏனென்றால் அந்த “ஐயோ”வில் என் குரலும் இருந்தது.

அது ஒரு நாள் கூத்து அல்ல. அதற்கு முந்தைய ஆண்டே ஜடேஜா வாய்விட்டுச் சொல்லிவிட்டார், தான் மேலே இறங்கினால் தான் எப்போது அவுட் ஆவேன் என்று கூட்டம் காத்திருக்கும் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஒரு விருதோடு நிற்கும் படத்தைப் போட்டு, விருது கொடுத்தவர்களுக்குத் தெரிகிறது, சில ரசிகர்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். அதற்கும் “திமிர்” என்றார்கள். சொந்த மைதானத்தில், சொந்த நிற உடை அணிந்தவர்கள், தன் விக்கெட் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைக் கேட்டபடி மட்டை பிடிக்கும் வேலையை உலகத்தில் வேறு எந்த வீரர் செய்திருக்கிறார்?

அந்த வரி எழுதி ஒரு வாரத்துக்குள் என்ன நடந்தது? அகமதாபாத்தில் 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம். மழை பெய்து, இலக்கு 15 ஓவரில் 171 என்று ஆகி, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. தோனி முதல் பந்திலேயே போய்விட்டார். கடைசி ஓவரில் குஜராத்தின் மோகித் சர்மா முதல் நான்கு பந்துகளை யார்க்கராகவே இறக்கி மூன்று ரன்தான் கொடுத்தார். இரண்டு பந்தில் பத்து ரன். எங்கள் வீட்டில் அம்மா பூஜை அறைக்குப் போய்விட்டார்கள், அப்பா டிவியை அணைத்துவிடு என்றார். ஜடேஜா நேராக ஒரு சிக்ஸர் அடித்தார், ஃபைன் லெக் பக்கம் ஒரு ஃபோர். டக்-அவுட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த தோனி, வந்து அவரைத் தூக்கினார். அந்தக் கோப்பையையும் ஜடேஜா தோனிக்கே சமர்ப்பித்தார். அன்று அவரைத் திமிர் பிடித்தவர் என்றவர்கள் எல்லாம் மறுநாள் அந்தப் படத்தை முகப்புப் படமாக வைத்தார்கள். எத்தனை நாள்? அடுத்த ஏப்ரலில்தான் நான் மேலே சொன்ன “ஐயோ”.

இன்னும் பின்னால் போனால் 2018. நம் அணிக்கு விதித்த இரண்டு ஆண்டுத் தடை முடிந்து சேப்பாக்கத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டம். காவிரிப் போராட்ட நேரம், எல்லைக்கோட்டருகே நின்ற ஜடேஜாவை நோக்கிச் செருப்பு பறந்தது. போராட்டத்தின் நியாயம் வேறு, அதை நான் இங்கே எடுக்கவில்லை, தயவுசெய்து யாரும் அந்தப் பக்கம் இழுக்காதீர்கள். செருப்பு வந்து விழுந்த அதே ஆட்டத்தின் கடைசி ஓவரில், 203 என்ற இலக்கை ஒரு பந்து மீதமிருக்கச் சிக்ஸர் அடித்து முடித்து வைத்தவரும் அவர்தான். ஜாம்நகரிலிருந்து வந்த ஒருவர், இந்த ஊரிடம் இதற்கு மேல் எப்படித்தான் தன்னை நிரூபிக்க வேண்டும்?

“ஜடேஜாவின் சம்மதத்தோடுதான் நடந்தது” என்கிறீர்கள். இருக்கட்டும். சம்மதம் வேறு, விருப்பம் வேறு என்பது மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் தெரியும். “2022-இல் கேப்டனாக அவர் என்ன கிழித்தார்?” என்று கேட்கிறீர்கள். சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது பொறுப்பைக் கையில் கொடுத்து, எட்டு ஆட்டம் முடிந்ததும் அது திரும்பப் போனதே, அதை நினைவுபடுத்த வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன். “நமக்குப் பல ஆண்டு ஆடிய ரெய்னாவையே ஏலத்தில் யாரும் எடுக்காதபோது நாமும் கை தூக்கவில்லை, ஜடேஜா என்ன பெரிய விஷயம்?” என்று ஒருவர் எழுதியிருந்தார். நண்பரே, அது உங்கள் வாதமா, என் வாதமா?

“இது வணிகம், உணர்ச்சிக்கு இடமில்லை” என்பதற்குத்தான் எனக்குக் கோபமே வருகிறது. வணிகமா? அப்படியென்றால் ஏன் “குடும்பம்” என்று போஸ்டர் அடிக்கிறீர்கள்? ஏன் “அன்புடன்” என்று பேருந்து முழுக்க மஞ்சள் அடித்து ஊரைச் சுற்றுகிறீர்கள்? 2024-இல் அவர் தனக்கு இன்னும் பட்டம் உறுதியாகவில்லை என்று வேடிக்கையாகச் சொன்னதும், “கிரிக்கெட் தளபதி” என்று முத்திரை குத்திப் படம் போட்டதும் நம் அணியின் சமூக வலைதளப் பக்கம்தானே? ரசிகன் ஜெர்சி வாங்கும்போது உணர்ச்சி வேண்டும், தளபதியை அனுப்பும்போது மட்டும் உணர்ச்சி கூடாது. நல்ல ஏற்பாடு.

மார்ச்சில் சாம்சன் முதல் பந்தைச் சந்திக்கும்போது நான் கை தட்டுவேன். அதில் ஏமாற்று இல்லை. ஆனால் அவரிடம் ஒன்று சொல்ல ஆசை. தம்பி, நான்காவது விக்கெட் விழுந்து நீங்கள் படியிறங்கி வரும்போது ஒரு சத்தம் கேட்கும். அது உங்களுக்கானது என்று நினைத்துக்கொள்ளுங்கள், நல்லது.

அக்கா மகன் நேற்று போன் செய்தான். ராஜஸ்தான் இங்கே ஆட வந்தால் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருவது என்று கேட்கிறான். எட்டாம் எண் இப்போது அவனுக்குத் தோளில் இறுக்குகிறதாம். முதலில் டிக்கெட் கிடைக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.